மிளகுக்கு வந்த நோய்கள்

ரங்கநாதன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, "வைங்க" என்றார்.

வீட்டு வேலை செய்யும் இருளாயி, மூடி போட்டுத் துணி சுற்றிக் கயிற்றால் கட்டிய பிரம்புக் கூடையை அவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். "வெச்சாச்சு சார். கண்ணைத் திறந்துக்கலாம்."

நோயாளி, மிளகு என்ற எட்டு மாதப் பூனை. உச்சி முதல் வால் வரை ஒரே கறுப்பு. கிளம்பும்போது கறுப்புப் பூனையைப் பார்த்தால் போகிற காரியம் விளங்காது என்பது ரங்கநாதனின் அசைக்க முடியாத நம்பிக்கை. போகிற காரியமே அந்தப் பூனைக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என்றால் என்ன செய்வது? ராத்திரி முழுக்க யோசித்து அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கண்ணால் பார்த்தால்தானே சகுனம்? கூடையை மூடிவிட்டால் அது வெறும் கூடை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் லால்குடியில் இருந்து ஒரு பெரிய கம்பெனி நேர்காணலுக்குக் கிளம்பியபோது கறுப்புப் பூனை குறுக்கே போனது. வேலை கிடைக்கவில்லை. அவர்கள் கேட்ட நாலு கேள்விக்கும் தனக்குப் பதில் தெரியவில்லை என்பதை ரங்கநாதன் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றிலிருந்து பூனை எதிர்ப்பட்டால் வீட்டுக்குள் திரும்பி, உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார்.

ஆனால் விதி அவரை ஸ்ரீரங்கத்தில், ஒரு பால் பூத்துக்கு எதிர் வீட்டில் குடி வைத்தது. அந்தப் பூத்துக்குப் பின்னால் ஒரு பூனைக் கூட்டம் இருந்தது. ஒரே வம்சம், எல்லாமே கறுப்பு. சில நாள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நாலு டம்ளர் தண்ணீர் குடித்திருப்பார்.

போதாததற்கு மனைவி ரஞ்சனி, தான் வேலை பார்க்கும் பள்ளியின் சைக்கிள் ஷெட்டில் மழையில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் குட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். இங்க் ஃபில்லரில் பால் ஊட்டி வளர்த்தார். அதுதான் மிளகு. இப்போது ரஞ்சனி பத்து நாள் ஆசிரியர் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தார். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"வீட்ல எது உடைஞ்சாலும் நான் கேக்க மாட்டேன். திரும்பி வர்றப்ப மிளகு நல்லா இருக்கணும்."

மூன்றாம் நாளே மிளகு சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு லாஃப்டில் ஏறிப் படுத்துக்கொண்டது. ரங்கநாதனுக்குக் கை கால் ஓடவில்லை.

"அதுக்கு ஒண்ணுமில்ல சார். டீச்சரைத் தேடுது. ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்" என்று இருளாயி சொல்லிப் பார்த்தார்.

"நீங்க டாக்டரா? கூடையைக் கட்டுங்க" என்றார் ரங்கநாதன்.

இருளாயி ஒரு நிமிடம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அந்த டாக்டர் காது கூடப் பார்ப்பாரா என்று கேட்டார். எல்லாம் பார்ப்பார் என்று ரங்கநாதன் சொன்னதும், சரியென்று கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

தில்லைநகரில் டாக்டர் பெஞ்சமினின் கிளினிக். ஊசியைக் கண்டால் ரங்கநாதனுக்குத் தலை சுற்றும். எனவே கூடையை உதவியாளர் லிசியிடம் கொடுத்துவிட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே பூனை கத்தியது, டாக்டர் கத்தினார், பிறகு அமைதி. கையில் புதுக் கீறலோடு டாக்டர் வெளியே வந்தார். காது முழுக்கப் பூச்சி, ரத்தமே இல்லை, எடை வெறும் ஒன்று முக்கால் கிலோ என்றார். சொட்டு மருந்து, டானிக், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து, ரங்கநாதன் புது ஸ்கூட்டருக்காகச் சேர்த்திருந்த பணத்தில் முதல் விள்ளல் அன்றைக்குப் போனது.

வீட்டு வாசலில் இருளாயி கூடையையும் காதுச் சொட்டு மருந்தையும் வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போனார். மருந்து போடுவது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். ரங்கநாதன் டானிக்கை மட்டும் தானே வைத்துக்கொண்டு, ஆசையோடு மிளகின் பாலில் கலந்து வைத்தார். லாஃப்டிலிருந்து இறங்கி வந்த மிளகு அதை முகர்ந்தது. ரங்கநாதனை ஒரு பார்வை பார்த்தது. மறுபடி ஏறிவிட்டது.

"பாலும் போச்சு" என்று ரங்கநாதன் நெஞ்சில் கை வைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தால் காது பளிச்சென்று இருந்தது. மருந்து வேலை செய்கிறது, பசிதான் போய்விட்டது என்று முடிவு செய்து டானிக்கை இரண்டு மடங்காக்கினார்.

இரண்டு நாள் கழித்து இரண்டாவது பயணம். கிளம்பும் முன் இருளாயி, கண்ணுக்கு வேறு டாக்டரா, இல்லை எல்லாம் இவரேதானா என்று விசாரித்துக்கொண்டார். காவிரிப் பாலத்தில் போகும்போது ஆட்டோ ஓட்டும் ஆரிஃப் திரும்பிப் பார்த்தார்.

"சார், உங்க பூனை இன்னைக்கு வேற மாதிரி கத்துதே."

"நோய் தொண்டைக்கு ஏறியிருக்கும். வேகமாப் போங்க."

டாக்டர் பெஞ்சமின் இந்தமுறை வெளியே வரும்போது முகத்தில் ஒரு பரபரப்பு. காது சுத்தமாகிவிட்டது, ஒரு பூச்சி கூட இல்லை. ஆனால் வலது கண்ணில் புண். எடை மூன்று கிலோ.

"ரெண்டே நாள்ல ஒண்ணே கால் கிலோ ஏறியிருக்கு சார். வயித்துல நீர் கோக்குதோன்னு ஒரு சந்தேகம். வேற ஒரு இன்ஃபெக்ஷனாவும் இருக்கலாம். இப்ப எதையும் உறுதியாச் சொல்ல முடியாது."

உறுதியாகச் சொல்ல முடியாது என்பதைப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த இன்னொரு தொகை ஆனது. ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். கண் மருந்தை வழக்கம்போல் இருளாயி வாங்கிக்கொண்டார். மாலையில் ரங்கநாதன் ஸ்டூல் போட்டு ஏறி டார்ச் அடித்தார். லாஃப்டின் இருட்டில் இரண்டு கண்களும் பச்சையாக மின்னின. புண்ணையே காணோம். உடனே சென்னைக்குப் போன் போட்டு, மிளகு பிரமாதமாக இருக்கிறது என்றார். குரல் ஏன் நடுங்குகிறது என்று ரஞ்சனி கேட்டதற்கு, ஸ்டூல் ஆடுகிறது என்றார். அது உண்மையும்கூட.

மூன்றாவது தடவை கண் சரியாகியிருந்தது. பின்னங்கால் வீங்கியிருந்தது. எடை இரண்டு கிலோ. அதோடு, முன்பல் ஒன்றைக் காணவில்லை.

டாக்டர் பெஞ்சமின் இப்போது நாற்காலியில் உட்காரவே இல்லை. நோய் ஒரே இடத்தில் நிற்காமல் காதிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து காலுக்கும் உடம்புக்குள்ளேயே ஊர்வலம் போகிறது, தன் பதினெட்டு வருட அனுபவத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை, அடுத்த மாதம் நடக்கும் கால்நடை மருத்துவர்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார்.

"பிழைக்குமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார் ரங்கநாதன்.

"ரிசல்ட் வரட்டும். எண்பத்து நாலு நாள் ஊசி போடுற மாதிரி கூட வரலாம். மனசைத் தயார் பண்ணிக்குங்க."

ரங்கநாதன் மனதைத் தயார் செய்யப் பார்த்தார், முடியவில்லை. பதினோரு வருடப் பழைய ஸ்கூட்டரையே இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவது என்று முடிவெடுத்தார். அது கூடச் சுலபமாக இருந்தது. சாயங்காலம் லாஃப்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பேசினார். "நீ போயிட்டா டீச்சருக்கு நான் என்னடா பதில் சொல்றது?" என்று ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சரை விடு. எனக்கே தாங்காதுடா" என்றார். எட்டு மாதமாக அந்தப் பூனையின் முகத்தில் விழிக்காமல் ஒளிந்து ஒளிந்து வாழ்ந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவர் ஆபீஸ் கிளம்பியபோது மிளகு லாஃப்டிலிருந்து குதித்து நேராக அவர் குறுக்கே நடந்து போனது. நொண்டவே இல்லை. ரங்கநாதன் தண்ணீர் குடிக்கத் திரும்பவில்லை. வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோயாளி நடக்கிறது. இதைவிட நல்ல சகுனம் வேறென்ன வேண்டும்?

பத்தாம் நாள் மாலை, ரிசல்ட் கேட்கும் சாக்கில் நான்காவது பயணம். கூடை என்றைக்கும் இல்லாத கனம். டாக்டர் அவசரமாக மணப்பாறை போயிருந்தார். கூடையைத் திறந்து பார்த்த லிசி உதட்டைப் பிதுக்கினார்.

"வயிறு ரொம்ப வீங்கியிருக்கு சார். மூச்சு வாங்குது. இங்கயே இருக்கட்டும். டாக்டர் காலைல வந்ததும் ஸ்கேன் எடுத்துடலாம்."

ரங்கநாதன் வெறும் கூடையோடு வீடு திரும்பினார். கூடை வெறுமையாக வந்ததைப் பார்த்த இருளாயியின் முகமும் வாடிப்போனது. ரொம்ப முடியவில்லையா, உயிருக்கு ஒன்றும் ஆகாதே என்று மூன்று தடவை கேட்டார். அந்தப் பரிவைப் பார்த்து ரங்கநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று ராத்திரி லாஃப்டில் என்னவோ உருண்டது. பூனை போன மறுநிமிடமே வீட்டுக்குள் எலி வந்துவிட்டதே என்று நினைத்து நினைத்து அவர் தூங்கவில்லை.

காலை ரயிலில் ரஞ்சனி வந்து இறங்கினார். பையைக்கூடக் கீழே வைக்காமல், "மிளகு எங்க?" என்றார்.

ரங்கநாதன் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு காது, கண், கால், எடை, பல், எண்பத்து நாலு ஊசி என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். "நேத்து அட்மிட் பண்ணிட்டேன். என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டேன் ரஞ்சனி. என்னை மன்னிச்சுடு."

ரஞ்சனியின் கண் நிறைந்த நேரத்தில் போன் அடித்தது. கிளினிக் நம்பர். ரங்கநாதனுக்கு எடுக்கத் தைரியம் இல்லை. ரஞ்சனி வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், லிசி பேசறேன். வயித்து வீக்கம் என்னன்னு தெரிஞ்சுபோச்சு. மிளகு விடியக்காலைல மூணு குட்டி போட்டிருக்கு. தாயும் குட்டிகளும் நல்லா இருக்காங்க."

ரஞ்சனி போனையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னங்க, மிளகு ஆண் பூனைங்க."

லாஃப்டில் சரசரவென்று சத்தம். மிளகு கீழே குதித்து, உடம்பை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்து, நேராக வந்து ரஞ்சனியின் காலில் உரசியது. ஒரு நோயும் இல்லை. பல் எல்லாம் பத்திரமாக இருந்தது. ரஞ்சனி அதை வாரி எடுத்துக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டார்.

"அப்ப ஆஸ்பத்திரில இருக்கறது யாரு?" என்றார்.

அந்த நேரத்தில் கொல்லைக் கதவு திறந்தது. துணி சுற்றிக் கயிற்றால் கட்டிய கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இருளாயி வந்து நின்றார். கூடைக்குள்ளிருந்து யாரோ தும்மினார்கள்.

"நம்ம மிளகுக்கு ஒண்ணுமில்லன்னு அன்னைக்கே சொன்னேன், நீங்க கேக்கல, போற ஆட்டோ ஏன் வீணாப் போகணும்னு பால் பூத்துக்குப் பின்னாடி முடியாமக் கெடந்ததுகளை ஒண்ணொண்ணா ஏத்தி விட்டேன், இன்னும் இது ஒண்ணுதான் பாக்கி, சார் கொஞ்சம் கண்ணை மூடிக்கிறீங்களா?"