தொம்மை அண்ணையும் பதினைந்து அங்குலப் புடலங்காயும்

ஒரு முடிவெடுக்கத் தொம்மை அண்ணையைப் போலப் பாடுபட்ட தமிழன் ஒஸ்லோவில் இதுவரை பிறக்கவில்லை.

விபூதி பூசாமல் வீட்டைவிட்டு இறங்காத சைவர். ஆனால் நோர்வேஜியத்தில் அங்குலத்துக்கு ‘தொம்மெ’ என்று பெயர். வாய் திறந்தால் தொம்மெக் கணக்குத்தான் என்பதால் எங்கள் ஹொல்ம்லியாப் பகுதி முழுக்க அவர் தொம்மை. மன்னார்க் கத்தோலிக்கர் ஒருவர், “அண்ணை, தொம்மையார் திருநாளுக்குக் கொடி பிடிக்க வாறியளோ?” என்று கேட்டே விட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாராம்.

நானும் தொம்மை அண்ணையும் ஒரே துப்பாக்கிச் சுடும் கழகம். அவருடைய அரைத்தானியங்கித் துப்பாக்கிக்கு ஹாண்ட்கார்ட் மாற்ற வேண்டும். குழலைச் சுற்றி இடக்கை பிடிக்கிற உறை அது. பதின்மூன்று அங்குலமா, பதினைந்தா? நீளமானதில் கையை நன்றாக நீட்டிப் பிடிக்கலாம். கட்டையானது பாரம் குறைவு. இலையுதிர்காலப் போட்டிக்குள் பூட்டாவிட்டால் அணியில் அவருடைய இடம் இன்னொருவருக்குப் போய்விடும். அந்த இடத்துக்கு மனுசன் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்.

கடைக்காரரைக் கேட்டார், பயிற்சியாளரைக் கேட்டார், பல் வைத்தியரையும் விடவில்லை. கடைசியில் தமிழ்க்கடையில் இரண்டு புடலங்காய் வாங்கி, ஒன்றைப் பதின்மூன்றுக்கும் மற்றதைப் பதினைந்துக்கும் வெட்டி, வீட்டுக்குள் நின்று மாறி மாறிக் குறிபார்த்தார். இடைக்கிடை இடது தோளை உருட்டிக்கொண்டார்.

“தம்பி, பதினைஞ்சுதான் எடுப்பு.”

“அப்ப அதையே வாங்குங்கோவன்.”

“எண்டாலும் பதின்மூண்டிலை ஒரு இது இருக்கு.”

வெள்ளியும் சனியும் இதே கூத்து. ஞாயிறு மத்தியானம் நான் போனபோது பதினைந்தைக் காணவில்லை.

“இஞ்சரப்பா, என்ரை பதினைஞ்சு எங்கை?”

அவர் மனைவி மலர் அக்கா அகப்பையோடு எட்டிப் பார்த்தார். “பால்கறிக்குள்ளை கிடக்கு.”

“ஐயோ, இனி எதை வைச்சு முடிவெடுக்கிறது?”

“மிஞ்சினதை வைச்சு எடுங்கோ.”

பதின்மூன்றைப் பூட்டிக்கொண்டு போட்டிக்குப் போனார். கடைசிக்கு முந்தின இடம். ஆனாலும் அணிச்சட்டையை அவர் ஒரு கிழமை கழற்றவில்லை.

பிறகு ஒருநாள் மலர் அக்காவிடம், “உங்களுக்கு வேறை மரக்கறியே கிடைக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“வேணுமெண்டுதான் சமைச்சனான். அந்த நீட்டைப் பிடிக்கேக்கை அவரின்ரை தோள் நடுங்கினது. பனியிலை விழுந்து முறிஞ்ச தோளல்லே. அதை வாய்விட்டுச் சொன்னா மனுசன் போட்டிக்கே போகாது.”

தொம்மை அண்ணை இன்றைக்கும் கேட்பார்: “பதினைஞ்சு போட்டிருந்தா வெண்டிருப்பனோ, தம்பி?”

“கட்டாயம் வெண்டிருப்பியள், அண்ணை.” அந்த முகத்தைப் பார்த்து வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வராது.