இங்கிலீஷ் சொல்லித்தர வந்த ஏணி மதாம்மா

வந்த வேலையை ஒரு நாள்கூட ஒழுங்காகச் செய்யாமல், திருவனந்தபுரம் ஜில்லா முழுக்க நல்ல பெயர் வாங்கிய ஒரே ஆள் ஏணி மதாம்மாதான்.

வெள்ளைக்காரப் பெண்மணி யாராயிருந்தாலும் எங்கள் ஊரில் மதாம்மா. இவர் போலந்துக்காரர், வயது அறுபத்திரண்டு. பொன்முடிப் பக்கம் தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில், பிள்ளைகளுக்கு மூன்று மாதம் சம்பளமில்லாமல் இங்கிலீஷ் சொல்லித்தர வந்தார். ஏற்பாடு செய்தது நான் குமாஸ்தாவாக இருக்கும் சின்ன அறக்கட்டளை. மொழிபெயர்க்க என்னையும் கூட அனுப்பினார்கள். மதாம்மாவின் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம். என்னுடையதைக் கேட்டவர்களுக்கு இதன் விபரீதம் புரியும்.

முதல் வகுப்பில் அவர் 'ஏ' எழுதி முடிப்பதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் அங்கங்கே ஓட்டை. பிள்ளைகள் யாரும் சொல்லாமலே புத்தகங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்கள்.

"எல்லா வீடும் இப்படியா?" என்று கேட்கச் சொன்னார்.

"பதினாலு வீடும் இப்படித்தான் மிஸ். எங்க வீட்ல கட்டில் மேலயே ஊத்தும்!"

தோட்டம் நொடித்துப்போய்க் கிடந்தது, கூரையைக் கவனிக்க நாதியில்லை. மதாம்மா சாக்பீஸைக் கீழே வைத்தார். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்குச் சொந்த ஊரில் முப்பது வருஷமாகக் கூரை வேலைதானாம். எங்கள் விண்ணப்பத்தில் அதை யாரும் கேட்கவில்லையே!

அடுத்த திங்கட்கிழமை விதுரா பஸ் நிறுத்தத்தில் ஒரு நீள ஏணியோடு நின்றார்.

"மதாம்மே, இது பஸ்ஸாணு, லாரியல்லா!" என்று கண்டக்டர் மறித்தார்.

"நகரு டா," என்றார் மதாம்மா. அதற்குள் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை தமிழ் கற்றிருந்தார், பாரபட்சமே கிடையாது, எல்லாரும் 'டா'தான். கல்லாறு தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியபோது ஏணி பத்துப் பேர் மடியில் படுத்திருந்தது. கண்டக்டரே, "தல குனிச்சோ, ஏணி வருந்நுண்டு!" என்று கூவிக்கொண்டிருந்தார்.

ஜூனில் இறங்கும் இடவப்பாதி மழைக்குள் பதினாலையும் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. முதலில் செல்வராணி என்ற பெண்ணின் வீட்டுக்குத்தான் ஏணியைச் சாய்த்தார், அவள் மாசமாக இருந்தாள் என்பதற்காக. அவள் விடவில்லை.

"எனக்குக் கடைசியில போதும். பிள்ளைங்க இருக்க வீட்டை முதல்ல பாக்கச் சொல்லுங்க, அண்ணாச்சி."

ஒருநாள் எங்கள் செயலாளர் போட்டோக்காரரோடு ஜீப்பில் வந்திறங்கினார். பாதி வகுப்பு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கிளாஸ் எவிடே? கூரை நம்ம புராஜெக்ட்ல இல்ல மேடம். இது ஷரியாகாது, உங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிருவேன்!"

மேலேயிருந்து ஒரு கை நீண்டது. "ஆணி குடு டா."

செயலாளர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. கொடுத்தார். அரைமணி நேரத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தகரத்துக்கு ஒரு முனை பிடித்துக்கொண்டிருந்தார். எழுதுகிற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

பதின்மூன்று வீடு முடிந்தது. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. விசா முடிகிற வாரம் முழுக்க ஒரே கொட்டல், ஈரத் தகரத்தில் கால் வைக்க வழியில்லை. செல்வராணிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. விமான நிலையத்தில் மதாம்மா சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

பத்தாம் நாள் போனில் செய்தி வந்தது: "மழை. செல்வராணி வீடு?"

'நன்றாக இருக்கிறது' என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே அனுப்பியிருக்கலாம். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். அந்தப் பெண்மணியிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. மழை விட்ட ஒரு காலையில், அவர் விட்டுப்போன ஏணியோடு பஸ் ஏறினேன்.

பல்பு மாற்றவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான். மூன்றாவது படியிலேயே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

"கீழ பாக்காதீங்க சார்! மதாம்மா பாக்கவே மாட்டாங்க!" என்று பிள்ளைகள் அதட்டினார்கள்.

"இறங்கிருங்க அண்ணாச்சி! விழுந்து வச்சீங்கன்னா உங்க வீட்டு அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று செல்வராணி அலறினாள்.

அவர்கள் சொல்லச் சொல்ல அடித்தேன். பாதி ஆணி தகரத்தில், பாதி என் விரலில். சாயங்காலம் மழை வெளுத்து வாங்கியது. எல்லாரும் உள்ளே நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒழுகலுக்கு வைத்திருந்த சட்டியைச் செல்வராணி எடுத்து நகர்த்தினாள். பிறகு பாயை நடுவீட்டில் விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள்.

"குழந்தை நடுவீட்டில் தூங்குகிறது," என்று மதாம்மாவுக்கு அனுப்பினேன். வீங்கிய விரலால் அதை எழுதும்போதுதான், அந்த அம்மாள் இல்லாமல் எனக்கு எவ்வளவு வெறிச்சென்று இருக்கிறது என்று தெரிந்தது.