துரைக்குப் பிடிக்காத முகம்

அன்புத் தங்கைக்கு,

உன் ஒரே அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், நாய்தான் இங்கே இருக்கிறதே. முப்பத்தைந்து வருடம் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஊரார் அனுப்பிய புகார்களைப் பிரித்துப் படித்தவன் நான். இன்று முதன்முதலாக நானே ஒன்று எழுதுகிறேன். அதுவும் உன்மேல்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தெருவில் கிடந்த குருட்டு நாயைத் தூக்கிவந்து, "நாலே நாள் வச்சுக்கோண்ணே" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனவள் நீ. அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. துரை என்று பெயர் வைத்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்துவிடுவான், நான் உட்கார்ந்தால் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துவிடுவான். கண் தெரியாது என்பதைத் தவிர எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. நீதான் சும்மா இருக்காமல், "பிராணிகளுக்குன்னே கண் டாக்டர் இருக்காங்கண்ணே, போய்க் காட்டு" என்று போனில் என்னைப் பிடுங்கி எடுத்தாய்.

போனேன். அங்கே ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முயல், கூடைக்குள்ளிருந்து எல்லோரையும் முறைக்கும் ஒரு பூனை, அவர்களுக்கு நடுவில் நாங்கள். டாக்டரம்மா துரையின் முகத்துக்கு முன்னால் பஞ்சுருண்டையைக் கீழே போட்டுப் பார்த்தார். அவன் விழி அசையவில்லை. விளக்கடித்துப் பார்த்தார், மிஷின் வைத்துப் பார்த்தார். "ரெண்டு கண்லயும் புரைதாங்க. எடுத்துட்டு லென்ஸ் வச்சுட்டா உங்களை நல்லாப் பார்ப்பான்" என்றார்.

உங்களைப் பார்ப்பான்! அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. மூன்று வருடம் பழகியவன் முதல்முறையாக என் முகத்தைப் பார்க்கப்போகிறான், நரைத்த தலையும் கசங்கிய சட்டையுமாகவா போய் நிற்பது? ஆபரேஷன் முடிந்து அவனை அழைத்துவரும் நாளில் சலூனுக்குப் போய்த் தலைக்குச் சாயம் அடித்து, மீசையை எடுத்து, புதுச்சட்டை மாட்டி, மாப்பிள்ளை எப்போதோ கொடுத்த செண்டு பாட்டிலைத் திறந்து தாராளமாக அடித்துக்கொண்டேன். "நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இப்படிக் கிளம்பலையே" என்று உன் அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அன்றும் அதே முயலும் பூனையும் வந்து காத்திருந்தன. கண்ணைச் சொறிந்துவிடாமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலோடு துரை வெளியே வந்தான். பேசினால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவான், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். டாக்டரம்மாவைப் பார்த்தான், வாலாட்டினான். கம்பவுண்டரைப் பார்த்தான், வாலாட்டினான். அந்தப் பூனைக்குக்கூட ஒரு ஆட்டு ஆட்டினான். என்னிடம் வந்தான். குரைத்தான் பார் ஒரு குரை, முயல் நாற்காலிக்கடியில் போய்விட்டது.

ஐந்து நாளாக வீட்டில் இதே கூத்துதான். அடுத்த அறையிலிருந்து "துரை" என்று கூப்பிட்டால் குஷியாக ஓடிவருகிறான், கிட்டே வந்ததும் உறுமிக்கொண்டே பின்வாங்குகிறான். எவனோ ஒருவன் என்னை அடித்துப் போட்டுவிட்டு என் குரலில் பேசுகிறான் என்று நினைக்கிறான் போலிருக்கிறது. நாளுக்கு நாலு வேளை சொட்டு மருந்து. உன் அண்ணிக்குக் கண்ணைக் காட்டுகிறான், நான் பாட்டிலைத் தொட்டால் புனலாலேயே முழங்காலில் இடிக்கிறான். நானும் தினமும் தலை வாரி, சட்டை மாற்றி, செண்டைக் கூட்டிக் கூட்டி அடித்துப் பார்க்கிறேன், மசியவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "வீட்ல ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் மாத்தலம்மா. சோபா, கட்டில், தண்ணிக் கிண்ணம், எல்லாம் அதே இடத்துலதான் இருக்கு" என்றேன்.

ஆக, என் முகம்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. கண் தெரியாதவரை என்னை அழகன் என்று நினைத்திருக்கிறான். சொன்னால் சிரிப்பாய், நேற்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்து உன் நாயை நீயே கொண்டுபோ. அவனுக்குப் பிடித்த முகம் உங்கள் வீட்டிலாவது யாருக்காவது இருக்கும்.

நீயும் மாப்பிள்ளையும் கண்ணில் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருடம் இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்னால் கெட்ட அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது துரையைக் காணோம். வீடெல்லாம் தேடினால், அழுக்குத் துணிக் கூடைக்குள் என் பழைய கட்டம் போட்ட சட்டைமேல் புனலோடு படுத்திருக்கிறான். "அஞ்சு நாளா அந்தச் சட்டையை எடுக்கவே விடமாட்டேங்கிறான், அதான் துவைக்கல" என்கிறாள் உன் அண்ணி. இதை இப்போது சொல்கிறாள்! அந்தச் சட்டையையே எடுத்து மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மோந்தான். கையை மோந்தான், காலரை மோந்தான். பிறகு நிமிர்ந்து, சாயத் தலையையும் மீசை போன இடத்தையும் ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்தான். அப்புறம் புனல் கன்னத்தில் குத்தக் குத்த என்னை நக்கித் தீர்த்துவிட்டான். இப்போது தலை என் பாதத்தின்மேல்தான் இருக்கிறது, ஆனால் தூங்கவில்லை, கண்ணை விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வா, சாப்பிட்டுவிட்டுப் போ. சங்கிலி எதுவும் கொண்டுவராதே. வெறுங்கையோடு போகிறோமே என்று வருத்தமாக இருந்தால் செண்டு பாட்டிலைக் கொண்டுபோ.