வழவழப்பான நீலம்

இந்த ஞாயிற்றுக்கிழமை லோரெய்னை, பந்து உருட்டிக் குச்சிகளைச் சாய்க்கும் பௌலிங் அரங்கத்துக்கு வரவழைத்துவிடுவது என்று ஸிக்மண்ட் முடிவு செய்தார். அதுவும் கூப்பிடாமலே.

மனைவியைக் கூப்பிடுவது அவருக்கு வராது. நாற்பத்தொரு வருடக் கல்யாணத்தில் உப்பைக்கூடச் சைகையில்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அவருடைய குழுவில் இருவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார்கள். மூன்றாமவர் இடுப்பெலும்பை மாற்றிக்கொண்டு படுத்திருந்தார். மில்வாக்கிப் பனியில் கிளம்பி வந்து ஒரு கிழவர் தனியாகப் பந்து உருட்டுவதைப் பக்கத்துத் தடத்துக்காரர்கள் ஆஸ்பத்திரி நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அவரிடம் ஆறு பந்துகள். பந்து உருளும் மரத் தடத்தில் பூசிய எண்ணெய் புதிதாக இருந்தால் சொரசொரப்பானவை பிடித்து வளையும். எண்ணெய் காய்ந்துவிட்டால் அவையே கண்டபடி வளைந்து கெடுக்கும். அப்போது வழவழப்பான நீலம்தான் கதி. அந்த நீலத்தை வீட்டிலேயே ஒளித்துவிட்டு மற்ற ஐந்தையும் காரின் பின்சீட்டில் போட்டு, மூச்சு வாங்கச் சுமந்து வந்து சேர்ந்தார். முதல் பந்தே குச்சிகளை விட்டுவிட்டு ஓரக் கால்வாயைத் தேடிப் போனது. சந்தோஷமாகப் போனை எடுத்தார்.

"லோரெய்ன், தடம் ஒரேயடியா காஞ்சு கெடக்கு. நீலத்த மறந்துட்டேன். கொண்டாந்து தர்றியா?"

"மறந்தியா? வாஷிங் மெஷின் பின்னாடி துண்டு போத்தித் தூங்க வெச்சியே, அதுவா?"

அவர் இருமினார்.

"நேத்து பூரா அங்க புள்ளைங்களுக்குப் பொறந்தநாள் கூத்து. எண்ணெயெல்லாம் தேஞ்சு இன்னைக்குக் காஞ்சுதான் கெடக்கும்னு எனக்குத் தெரியாதா? முன்ன ஒன்பது வருஷம் உன் பின்னாடி பெஞ்சுல உக்காந்து பாத்தவ. நீ ஷூ தேடுனப்பவே டிக்கியில வெச்சுட்டேன். போய் எடுத்துக்க."

போய் எடுத்தார். உருட்டினார். பத்துக் குச்சிகளும் ஒரே சத்தத்தில் விழுந்தன. திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் அவருடைய கோட்டு மட்டும் உட்கார்ந்திருந்தது.

மறுபடி போன்.

"பத்தும் விழுந்துச்சு."

"விழாம?"

"தோள் வலிக்குது. தனியா வண்டி ஓட்ட முடியாது போல."

"பன்னெண்டாம் தடத்துல நம்ம பாதிரியார் இருப்பாரு. சொல்றேன், கொண்டாந்து விட்ருவாரு."

"ஐயோ, அவரு வேணாம்."

"பின்ன யாரு வேணும்?"

பக்கத்துத் தடத்தில் யாரோ கைதட்டினார்கள். அது அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"நீதான். நீ வர்றியா, லோரெய்ன்?"



"காலையில கோட்டு மாட்டி, லிப்ஸ்டிக் போட்டு, சமையக்கட்டுல உக்காந்திருந்தேன், ஸிக். நீ கேப்பேன்னு. கண்டுக்காம என்னத் தாண்டி ஓடிட்ட."

"கவனிக்கலம்மா. இப்ப வாயேன்."

"எதுல வர? இருக்கற ஒரே காரை நீதான எடுத்துட்டுப் போன!"