மேளம் அடிக்காத படகு

திருநின்றவூர்,
பொங்கல் அன்று மாலை.

அன்புள்ள கலீல் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீங்கள் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். நம்ப வேண்டாம்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். என் போனை ஷிபா அக்கா பார்க்கிறாள். உங்களுக்கு அனுப்புவதும் சாயங்காலத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. நீங்கள்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் தெருவுக்குள் வந்த ஏரி இன்னும் திரும்பிப் போகவில்லை. இடுப்பளவுத் தண்ணீர். கால்வாய் மூடி உடைந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. போன வருடம் நீங்கள் வாங்கி வைத்த ஃபைபர் படகில்தான் எல்லோரும் மெயின் ரோட்டுக்குப் போகிறோம். "படகு உன் பொறுப்பு" என்றீர்கள். நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விதிகள் எழுதி நம் கேட்டில் ஒட்டினேன். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது. பனி இறங்கினால் மேளம் அடித்துக்கொண்டே போக வேண்டும். எதிரில் மேளம் கேட்டால் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். வழி கண்ணுக்குத் தெரியாவிட்டால் புறப்படவே கூடாது.

மேளம் பூந்தமல்லியில் வாங்கினேன். அந்த வாரம் கடைகளில் கிடைத்தது போகிக்குப் பிள்ளைகள் அடிக்கும் சின்ன மேளம்தான். கையடக்கம், நல்ல சத்தம். அப்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

இனி எதிர்வீட்டு இருதயராஜ். ஐயப்பன்தாங்கல் டெப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நீல பிளாஸ்டிக் டிரம்களின் மேல் ஒரு கதவைக் கட்டித் தனக்கென்று படகு செய்திருக்கிறார். கதவு யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் ஒரு மேளத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"எனுக்கு விசில் கீது தம்பி. சர்வீஸ் முச்சூடும் இத ஊதிகினுதான் இருந்தேன்."

"விதியில விசில் இல்லீங்களே."

"அப்போ எழுதிக்கோ."

நான் எழுதிக்கொள்ளவில்லை.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம். நம் மாடிக்கு வெயில் வருவதில்லை என்பதால் லைஃப் ஜாக்கெட்டுகளைப் பக்கத்து வீட்டு வரலட்சுமி அம்மா மாடியில் காயப்போட்டிருந்தேன். எடுக்கப் போனால் கொடி காலி. மூலையில் பழைய பாய், தெர்மாகோல், கிழிந்த மெத்தை எல்லாம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. வேறொன்றும் இல்லை. கீழே இறங்கினேன். இருதயராஜ் மேலே ஏறி வந்தார். அந்த அம்மாவின் டிஷ் ஆன்டெனாவைத் திருப்பி வைக்கப் போகிறாராம். என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரிக்க வேண்டும்? வரலட்சுமி அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தேகத்தை வெளியே சொன்னால் எதிராளி உஷாராகிவிடுவார்.

மறுநாள் போகி. உங்கள் செல்ல மகள் ரூஹிக்குக் காலையில் பரீட்சை, விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். போகியன்று பரீட்சை வைப்பவர்கள் யார் என்பது தனிச் சந்தேகம், அதை அடுத்த முறை பார்க்கலாம். கதவைத் திறந்தால் தெரு இல்லை. பனி கொஞ்சம், மீதி புகை. தெருவில் தண்ணீர் என்பதால் எல்லோரும் மொட்டை மாடியில் கொளுத்தியிருந்தார்கள், புகை இறங்கித் தண்ணீர் மேல் உட்கார்ந்திருந்தது, அதில் ஒரு கெட்ட பிளாஸ்டிக் நாற்றம் வேறு. "கொஞ்ச நேரம் இருந்து போடா" என்றாள் அக்கா. ரயில் போய்விடும் என்றேன். ஜாக்கெட் எங்கே என்றாள் ரூஹி. விசாரணையில் இருக்கிறது என்றேன். ஏறினோம். ரூஹி துடுப்புப் போட, நான் முன்னால் உட்கார்ந்து மேளம் அடித்தபடி வழி சொன்னேன், அப்போதுதான் எங்கள் தலைக்கு மேலே எல்லா மாடியிலும் பிள்ளைகள் மேளம் அடிப்பது காதில் விழுந்தது. ஒரு மேளம் என்றால் ஒரு படகு. அதுதான் நான் செய்த ஏற்பாடு. அந்தக் கணக்குப்படி தெரு முழுக்கப் படகு. முன்னால் மேளம், இடப்பக்கம் ஒதுங்கு என்றேன், பின்னால் மேளம், மறுபடியும் ஒதுங்கு என்றேன், மேலேயிருந்து மேளம், அதற்கும் ஒதுங்கச் சொன்னேன், ஒதுங்கி ஒதுங்கி எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போனது.

"மாமா, நேரா விசில் கேக்குது. யாரோ நிக்கிறாங்க."

"மேளம் அடிச்சாத்தான் படகு. அது யார் வீட்டு குக்கரோ."

"குக்கர் இப்பிடி விட்டுவிட்டு ஊதுமா மாமா?"

"நீ துடுப்பப் போடு."

இடித்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ரூஹி பிடிக்கவில்லை.

அந்த இடம் கால்வாய் ஓரம் என்று பிறகுதான் தெரிந்தது. கூப்பிட்டேன். எல்லா மாடியிலிருந்தும் மேளம். அவள் குரல் மட்டும் இல்லை. விசிலும் நின்றுவிட்டது. மச்சான், அந்த விசில் நின்றபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

பிறகு புகைக்குள் யாரோ தண்ணீரில் இறங்கும் சத்தம். இருதயராஜ் அவள் கையைப் பிடித்துத் தூக்கித் தன் கதவின் மேல் உட்காரவைத்தார். ரூஹி இருமினாள். முதலில் சொன்னது, "மாமா, ஹால் டிக்கெட் நனையல."

வழி தெரியாத நேரத்தில் வந்தது ஏன் என்று அவரைக் கேட்டேன். பொறுப்பாளர் கேட்க வேண்டிய கேள்விதானே.

"நான் எங்க வந்தேன்? பால் வாங்கினு திரும்பறப்போ பொகை மூடிக்கிச்சு. போஸ்ட்டு கம்பத்துல படகக் கட்டிட்டு, விசில் ஊதிகினு நின்னுகினு கீறேன். நின்ன பஸ்ல வந்து இட்ச்சுட்டு, நீ ஏன் நின்னேன்னு கண்டக்டரக் கேக்குற ஒரே ஆளு நீதான் நைனா."

புகை விலகும் வரை காத்திருந்து அவளை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார். ஆட்டோவில் போய் ஈர உடையோடு பரீட்சை எழுதினாள். நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

யோசித்துப் பாருங்கள். ஜாக்கெட் காணாமல் போகிறது. அவர் சிரிக்கிறார். அவர் மட்டும் மேளம் வாங்கவில்லை. சரியாகக் கால்வாய் ஓரத்தில் நிற்கிறார். தெரு முழுக்க இப்போது அவர் புகழ்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை நலச்சங்கக் கூட்டத்தில் படகுப் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடப் போகிறார் செயலாளர் அரவிந்தன். "இனி உன் படகுல என் புள்ள ஏறமாட்டா" என்று அக்காவும் சொல்லிவிட்டாள். உங்களுக்கும் சொல்லியிருப்பாள். படகு உங்களுடையது. நீங்கள் அரவிந்தனுக்கு ஒரு போன் செய்து, இருதயராஜிடம் படகைக் கொடுக்கக் கூடாது, அவர் பொறுப்பில்லாதவர், பிறர் உயிரோடு விளையாடுகிறவர், கேட்க வேண்டியதைக் கேட்காதவர் என்று சொல்ல வேண்டும். காரணம் கேட்டால் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள்.

அங்கே கடற்கரைக்குப் போனால் கரையிலிருந்தே பாருங்கள். உங்கள் துஆவில் எங்களோடு படகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.

உங்கள் மைத்துனன்,
ராஷித்
படகுப் பொறுப்பாளர் (ஞாயிறு வரை)

பின்குறிப்பு: உறையை ஒட்டி ஸ்டாம்பும் போட்ட பிறகு வரலட்சுமி அம்மா பொங்கல் கொண்டுவந்தார், இருதயராஜ் படகில். தூக்குவாளியைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, எங்கூட்டுக் கொடில ஆரஞ்சு கலர்ல பஞ்சு வெச்ச சட்டைங்க தொங்கிச்சே, அது உன்துதானா? ஒரே பூஞ்ச நாத்தம். பழசுன்னு நெனச்சு பாயோட போட்டுக் கொளுத்திட்டேன். அய்ய, இன்னா பொகை. தெருவே தெர்ல. அப்பறமா இவருதான் பாதி எரிஞ்ச பெல்ட்டப் பாத்துட்டு, 'அடப்பாவமே, இது அந்தத் தம்பியோட்து, அதுகிட்ட சொல்லாத, மனசு ஒடிஞ்சிடும்'னாரு." வாசலில் படகைப் பிடித்துக்கொண்டிருந்த இருதயராஜ் வேறு பக்கம் பார்த்தார்.

உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். முழுக்கத் திருப்பி எழுதப் பொறுமை இல்லை. அரவிந்தனுக்குப் போன் செய்ய வேண்டாம். மேலே இருதயராஜ் என்று வரும் இடங்களிலெல்லாம் என் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள். ரூஹியைக் கையைப் பிடித்துத் தூக்கிய இடத்தில் மட்டும் அவர் பெயர் அப்படியே இருக்கட்டும்.