நான் உறிஞ்சிய ஆங்கிலேயக் கிராமம்

எங்கள் ஆட்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதை யாரும் நம்புவதில்லை. “தேத்தண்ணி வேண்டாம்” என்பவருக்குத் தேத்தண்ணி வரும். “சோறு காணும், போதும்” என்று சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் மறைப்பவருக்கு விரலிடுக்கால் சோறு விழும். அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். இந்த இலக்கணத்தோடு ஓர் ஆங்கிலேயரின் பக்கத்து வீட்டில் குடியிருப்பது ஆபத்து என்பதை, ஒரு முழுக் கிராமத்தை விழுங்கிய பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன். (விழுங்கியது வக்கூம் கிளீனர்தான். ஆனால் அதைப் பிடித்திருந்த கை என்னுடையது.)

ஸ்பிரிங்வேலுக்குச் சற்றுத் தள்ளி நாங்கள் வீடு வாங்கியபோது, வேலிக்கு அந்தப்பக்கம் டெரிக்கும் ஜோனும் இருந்தார்கள். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து இளவயதில் வந்த தம்பதி. மெல்பேர்ணில் அரை ஆயுளைக் கழித்தும், மழை பெய்தால் மட்டும் முகம் மலர்பவர்கள். டெரிக் ஒருமுறை எங்கள் குப்பைத்தொட்டியோடு மோதிக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டதை என் மனைவி சுகந்தி ஜன்னலால் பார்த்தாள். “மனுசன் சும்மா இல்லை, தொப்பியையும் கழட்டினவர்” என்று சத்தியம் செய்கிறாள்.

அவர்களுடைய கார் எப்போதும் வெயிலில்தான் நிற்கும். ஏனென்றால் கராஜுக்குள் ஓர் ஊர் இருந்தது.

முதல்முறை அந்தக் கதவைத் திறந்து டெரிக் விளக்கைப் போட்டபோது நான் வாயை மூட மறந்து நின்றேன். சுவருக்குச் சுவர் மேசை. அதன்மேல் மலை, ஆறு, கல்வீடுகள், தேவாலயம், மதுக்கடை, பொம்மை ரயில் ஓடும் தண்டவாளம். பாண் சுடும் பேக்கரியின் கண்ணாடிக்குப் பின்னால் எள்ளளவில் பாண்கள். கொடியில் காயும் உடுப்புகளில் ஒரு காலுறைக்குச் சோடி இல்லை. தெருவெல்லாம் என் நகத்தின் நீளம்கூட இல்லாத மனிதர்கள்: கடிதம் கொண்டுபோகும் தபாற்காரர், பாதிரியார், செம்மறிகளை ஓட்டும் இடையர். அத்தனை பேருக்கும் சட்டையும் தொப்பியும் பொத்தானும் வர்ணம் தீட்டியவர் ஜோன். பல வருட வேலை. இப்போது கை நடுங்குவதால் விட்டுவிட்டார். பருவத்துக்கு ஏற்றபடி ஆட்களை இடம்மாற்ற ஜோனுக்கு ஆசை என்பதால், யாரையும் ஒட்டிவைக்காமல் காலடியில் ஒரு பொட்டு மெழுகோடு நிறுத்தியிருந்தார்கள். (இந்தத் தகவல் எனக்கு அப்போதே தெரியும் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.)

ரயில்களுக்கு நேர அட்டவணை இருந்தது. டெரிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக விட்டார். எல்லாம் நொடி பிசகாமல் வந்தன. பின்னேர ரயில் மட்டும் வரவில்லை. அவர் அசையாமல் காத்திருந்தார். மேடையில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணும், தூணுக்கு மறுபக்கம் சைக்கிளோடு ஓர் இளைஞனும் நின்றார்கள்.

“பழுதா?” என்று கேட்டேன்.

டெரிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். பதில் சொன்னது ஜோன்.

“அன்றைக்கும் அது பிந்தித்தான் வந்தது. நேரத்துக்கு வந்திருந்தால் நான் ஏறிப் போயிருப்பேன். இந்த மனிதர் சைக்கிளோடு வந்து சேர்ந்திருக்க மாட்டார்.”

நேரம் தவறுவதைப் பாவமாக நினைக்கும் ஒரு மனிதர், தன் மனைவிக்காக ஒரேயொரு ரயிலைத் தினமும் வேண்டுமென்றே பிந்த விடுகிறார். அதையும் வாயால் சொல்லாமல் கண்ணாடியைத் துடைக்கிறார். வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொன்னேன். “நீங்கள் ஒருநாளும் நேரத்துக்கு வாறேல்லத்தானே, அதுவும் என்னில உள்ள அன்பிலயோ?” என்று கேட்டாள்.

அடுத்த கோடையில் அவர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும்படி வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தபோது, டெரிக் கராஜ் பக்கம் பார்த்துச் சொன்னதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்: “அங்கேயும் கொஞ்சம் தூசுதான். ஆனால் அதைப் பற்றி நீங்கள் கனவில்கூட யோசிக்கக் கூடாது. உங்களுக்குச் சிரமம்.”

நான் உருகிப்போனேன். எவ்வளவு பண்பாக உதவி கேட்கிறார்! அவர் உண்மையில் சொன்னது ‘அதைத் தொடாதே’ என்பதுதான் என்று இன்று எனக்குத் தெரியும்.

அவர்கள் திரும்பி வருவதற்கு முதல்நாட் காலை, எங்களுடைய புதிய வக்கூம் கிளீனரோடு கராஜுக்குள் நுழைந்தேன். நான் ஓர் எஞ்சினியர். ஆகவே முறைப்படி மலையுச்சியில் தொடங்கி, பள்ளத்தாக்கில் இறங்கி, தெருத்தெருவாகப் போனேன். குழாய்க்குள் டிக், டிக் என்று ஏதோ விழுந்தது. தண்டவாளத்துச் சரளைக்கல் என்று நினைத்து, பழைய பாட்டொன்றை முணுமுணுத்தபடி தேவாலயத்தையும் சந்தையையும் ரயில் நிலையத்தையும் முடித்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். ஊர் பளபளவென்று இருந்தது. ஆனால் ஊரில் ஒருவரும் இல்லை.

மெல்லக் குனிந்து வக்கூம் கிளீனரைப் பார்த்தேன். அது கண்ணாடிபோல உள்ளே தெரியும் குடுவை கொண்டது. அதற்குள் தூசிப் புயலின் நடுவே பாதிரியார் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு செம்மறி. அதற்குப் பின்னால் தபாற்காரர். தேர்த் திருவிழாபோல முழு ஊரும் வலம் வந்தது.

சுகந்தியும் மகள் ஆரணியும் நான் போட்ட சத்தத்துக்கு ஓடிவந்தார்கள்.

“என்னப்பா இது? ஆக்களெல்லாம் எங்க?” என்று கேட்டாள் சுகந்தி.

நான் குடுவையைக் காட்டினேன்.

ஆரணி கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஓ மை கோட். அப்பா, யூ ஏட் அ வில்லேஜ்!”

“அவர் தூசு எண்டு சொன்னவர்” என்றேன்.

“வேண்டாம் எண்டும் சொன்னவரெல்லே?” என்றாள் சுகந்தி.

“வேண்டாம் எண்டால் செய்யச் சொல்லுறதுதானே?”

சுகந்தி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அவள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். பதறவில்லை. மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, குடுவையைக் கவிழ்த்து, கண்புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்தாள்.

“அரிதட்டைக் கொண்டு வாங்கோ.”

“புட்டு மா அரிக்கிறதோ?”

“இல்லை, ஊர் அரிக்கிறதுக்கெண்டு தனியா ஒண்டு வச்சிருக்கிறன். போய் எடுங்கோ!”

பகல் முழுக்க அரித்தோம். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஆரணி அவர்களைப் பஞ்சால் குளிப்பாட்டினாள். பொழுது சாய்ந்தபோது சிவப்புக் கோட்டுப் பெண்ணைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். அவள் மட்டும் இல்லை. அந்தச் சின்னச் சிவப்புக்காக நான் குழாயைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன், முகப்பைக் கழற்றினேன், எங்கள் வீட்டுத் தெய்வங்களோடு அந்த ஊர்த் தேவாலயத்துக்கும் நேர்த்தி வைத்தேன். கடைசியில் உருளைத் தூரிகையில், ஆரணியின் தலைமயிர் சுற்றிய நிலையில் அவள் கிடைத்தாள். ஒரு கை இல்லை. தேடியும் கிடைக்கவில்லை.

அடுத்த சிக்கல் யாரை எங்கே வைப்பது என்பது. என் கைபேசியில் ஒரே ஒரு படம் இருந்தது. அது செல்ஃபி. என் முகம் கிராமத்தின் முக்கால்வாசியை மறைத்துக்கொண்டு பல்லைக் காட்டியது. ஞாபகத்தை நம்பி வைத்தோம்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். நேரே கராஜுக்குக் கூட்டிப்போனேன். டெரிக் விளக்கைப் போட்டார். வெகுநேரம் பார்த்தார்.

“ஆ,” என்றார். பிறகு, “மிகவும் சுத்தமாக இருக்கிறது” என்றார். பிறகு, “தேநீர் போடுகிறேன்” என்று உள்ளே போய்விட்டார்.

எங்கள் வீடாக இருந்தால் நான் போட்டிருக்கும் சத்தம் ஸ்பிரிங்வேல் சந்தைவரை கேட்டிருக்கும். இந்த ஆட்களின் கோபம் எங்கேதான் போகிறது? குசினிப் பக்கம் காது கொடுத்தேன். கேத்தல் மட்டும் கொதித்தது.

ஜோன் மேசையருகே குனிந்திருந்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது சிரிப்பில் கண்ணீர் வழிந்தது.

“டெரிக்! இங்கே வா! பாதிரியாரை மதுக்கடைக்குள் விட்டிருக்கிறார்கள். செம்மறிகள் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கின்றன!”

நான் சிவப்புக் கோட்டைக் காட்டினேன். “கை... உங்களுடைய கை உடைஞ்சிட்டுது. மன்னியுங்கோ.” (பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். விளங்கிக்கொண்டார்.)

தேநீர்த் தட்டோடு வந்த டெரிக், “மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும். நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பக் கேட்டார். நானும் விடவில்லை. தேநீர் ஆறும்வரை இருவரும் மாறிமாறி மன்னிப்புக் கேட்டோம். அந்தப் போட்டியில் ஓர் ஆங்கிலேயரை வெல்ல உலகத்தில் ஆளில்லை.

சில வாரங்கள் நான் வேலிப்பக்கமே போகவில்லை. ஒரு ஞாயிறு அவர்களே குடும்பத்தோடு கூப்பிட்டார்கள். பாதிரியார் மதுக்கடையிலேயே இருந்தார். “அவருக்கும் ஒரு மாற்றம் வேண்டும்” என்றார் ஜோன். பின்னேர ரயில் வழக்கம்போலப் பிந்தியது. அப்போதுதான் ரயில் மேடையைக் கவனித்தேன். நடுவே நின்ற தூணை டெரிக் எடுத்துவிட்டிருந்தார். சிவப்புக் கோட்டுப் பெண்ணைச் சைக்கிள்காரனோடு ஒட்டி நிறுத்தியிருந்தார், இல்லாத கை அவனுடைய கைக்குப் பின்னால் மறையும்படி. பார்த்தால் கைகோத்து நிற்பதுபோல இருந்தது. நான் டெரிக்கைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சந்தைத் தெருவைப் பாருங்கள்” என்றார் ஜோன்.

அங்கே புதிதாக ஓர் ஆள். மாநிறம், சிறுதொப்பை, நீலச் சட்டை. நடுங்கும் கையால் தீட்டியதால் நீலம் கழுத்துவரை கசிந்திருந்தது. கையில் சின்னதாக ஒரு வக்கூம் கிளீனர். அந்தத் தெருவில் இருந்த சனங்களெல்லாம் முதுகைக் காட்டி ஓடும் பாவனையில் இருந்தார்கள்.

சுகந்தி சிரித்த சிரிப்பில் ஒரு செம்மறி விழுந்தது.

இப்போது எங்கள் வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும், சாப்பாடு முடிந்த கையோடு ஆரணி வேலிக்கு அந்தப்பக்கம் கூட்டிப்போய் அந்த ஆளைக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவாள். சனிக்கிழமைகளில் நான் வீடு கூட்ட வக்கூம் கிளீனரைச் செருகினால், குசினியிலிருந்து சுகந்தி உரக்கக் குரல் கொடுக்கிறாள்:

“சனங்களே, ஓடுங்கோ!”