ரெகொபோத்துக்கு முந்திய இரண்டு கிணறுகள்

அரைகுறையாகத் தெரிந்தவனால் வரும் ஆபத்தைவிட, நன்றாகத் தெரிந்தவனால் வரும் ஆபத்து பெரிது. நான் இரண்டாவது ரகம். வேதாகமத்தில் எந்த எபிரெய ஊர்ப்பெயரைக் கேட்டாலும் அர்த்தம் சொல்வேன். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. பெத்தேல், தேவனுடைய வீடு. மாரா, கசப்பு. தாராவி ஞாயிறு பள்ளியின் வேத வினாப் போட்டியில் நான்கு வருஷம் தொடர்ந்து எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கியவன். (தினமும் ரயில் மாறுகிற குர்லாவுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியாது.)

எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் வாசலில் ஒரு வேதாகம ஊர் இருந்தாக வேண்டும். எங்கள் சந்தில் மட்டும் மூன்று பெத்தேல், தபால்காரர் பாவம். அதனால் அண்ணன் தங்கராஜ் மான்குர்த்தில் ஃபிளாட் வாங்கியபோது, "ஏல, ஒருத்தனும் வைக்காத பேரா சொல்லு" என்று என்னிடம் கேட்டான். ரெகொபோத் என்றேன். தாராளமான இடம் என்று பொருள். பத்துக்குப் பத்து அறையில் காலை மடக்கிப் படுத்து வளர்ந்த எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் உண்டா? கறுப்புக் கல்லில் செதுக்கி வாசலில் பதித்துவிட்டான்.

அந்த இடம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா விட்டுப்போன தாராவி வீட்டில் கீழே அண்ணன் குடும்பம், மேலே ஜெபமணி அக்கா, தனியாள். நான் முன்பே அதே சந்தில் வாடகைக்குப் போயிருந்தேன். மேல்மாடியை எழுப்பியதே அவளுடைய தையல் மெஷின்தான். அண்ணன் இரண்டையும் சேர்த்து விற்று, ஃபிளாட்டைத் தன் பேரில் வாங்கினான். அக்கா அடுத்த சந்தில் வாடகை அறைக்குப் போனாள். இரண்டு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. வீட்டுப் பிரதிஷ்டைக்கு வரச்சொல்லி ஒரு மாதம் நான் அவளிடம் நாயாய்க் கெஞ்சினேன். கடைசியில் வந்தாள். வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்திவிட்டார்கள்; போதகர் வழியில் மாட்டிக்கொண்டார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"ஏல, நீயே ரெண்டு வார்த்த பேசி ஜெபம் பண்ணிரு," என்றான் அண்ணன்.

இரண்டு வார்த்தையா? நான்கு டிபன் பாக்ஸ் அறிவு தொண்டைவரை நிற்கிறது! தொடங்கினேன். "ஈசாக்கின் வேலைக்காரர் முதலில் ஒரு கிணறு தோண்டினார்கள். கேராரூர்க்காரர்கள் தங்களுடையது என்று சண்டைக்கு வந்தார்கள். அதனால் அதன் பேர் ஏசேக்கு, அதாவது வாக்குவாதம். இன்னொன்று தோண்டினார்கள். அதற்கும் சண்டை. அதன் பேர் சித்னா, பகை. இந்த இரண்டையும் விட்டுக்கொடுத்து வந்த பிறகுதான் மூன்றாவதாக ரெகொபோத்!"

கூடத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். (என் பேச்சில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். தலையில் களிமண்.) அண்ணி கண்ணால் கெஞ்சினாள். நான் கையை வேறு உயர்த்தி, "அடுத்தவன் தோண்டிய கிணற்றைப் பிடுங்கியவனுக்கு ரெகொபோத் கிடைக்காது!" என்று முழங்கினேன்.

பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நல்லாச் சொன்னலே தம்பி. அந்த மொத ரெண்டு கெணத்துலயும் இப்ப யாரு தண்ணி கோருதா? அதயும் சொல்லிரு."

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "பஸ், போதும்! ரெண்டு பேரும் பேசி வச்சுட்டா வந்தீய? எங்க வீட்டுலயே வந்து என்னையக் கேவலப்படுத்துதியளோ?"

"ஒங்க வீடா?" என்றாள் அக்கா. செருப்பை மாட்டினாள். ஒரு வாய் சோறு சாப்பிடாமல் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, சத்தியமா நான் அத நெனச்சுச் சொல்லலக்கா," என்றேன். அவள் திரும்பக்கூட இல்லை. நான் நினைக்காமல்தான் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியும். என் கூடப்பிறந்தவள், என் புத்தியின் அளவு அவளுக்குத் தெரியாதா?

திரும்பி வந்தபோது அண்ணி சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். "சன்னல் பக்கத்து ரூம ஒங்க அண்ணன் அக்காவுக்குன்னுதான் ஒழிச்சு வச்சிருந்தாவ. ஜெபம் முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் சாவியக் குடுக்கணும்னு பையிலயே வச்சிருந்தாவ தம்பி," என்றாள். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அண்ணன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரோஷம். சாவி விஷயத்தை நான் சொன்ன பிறகும் அக்காவும் கேட்கவில்லை, அதைவிட ரோஷம். அந்த அறையில் இப்போது பழைய சூட்கேஸ்களும் ஓடாத ஒரு சைக்கிளும் தாராளமாக வாழ்கின்றன.

அண்ணன் மகள்கள் எனக்கு வைத்த பேர் 'சித்னா சித்தப்பா'. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் கையை உயர்த்தி முழங்கியதை அப்படியே நடித்துக் காட்டுவார்கள். அண்ணன்கூடச் சிரிப்பான். நானும் சிரித்துவிட்டு, அண்ணி கட்டிக்கொடுக்கும் பிரியாணியை அந்தப் பழைய டிபன் பாக்ஸ் ஒன்றில் வாங்கிக்கொண்டு தாராவியில் அக்கா அறைக்குப் போவேன்.

அக்கா பாக்ஸை வாங்கி உள்ளே வைப்பாள். மறுநாள் கழுவி, காலியாக, என்னிடமே திருப்பிக் கொடுப்பாள். சாப்பிட்டாளா, யாருக்காவது கொடுத்தாளா என்று இன்றுவரை எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.